குளிர்ச்சி என்றுதான் நினைத்தோம்

என் மகன் லூர்துசாமி மத்தியானச் சோற்றில் கை வைத்துவிட்டு, மீன் குழம்பு கசக்கிறது என்றான். அதுதான் முதல் அறிகுறி. எங்களில் யாருக்கும் அது அறிகுறியாகத் தெரியவில்லை. குழம்பு வைத்தது மருமகள் பிலோமினா. மாமியாராகிய எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"கசக்குதா? இன்னா புள்ள போட்டே அதுல?" என்று கேட்டேன்.

"எப்பவும் போடறதுதான் அத்தை. நீங்களே தின்னு பாருங்க."

தின்று பார்த்தேன். நன்றாகவே இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை. லூர்து கையைக் கழுவிவிட்டு வெளியே போய் ஒரு பீடியைப் பற்றவைத்தான். ஓர் இழுப்பு இழுத்ததும் தூக்கிப் போட்டுவிட்டான்.

"இதுவும் கசக்குதும்மா."

பீடியைப் பிலோமினா சமைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு முதல் குழப்பம் வந்தது. அதற்கப்புறம் வந்த குழப்பங்களுக்கு அளவே இல்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாயால் சொல்ல, மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரி எழுதாமல், பத்திரிகையில் வருகிற மாதிரி திருத்திக்கொள்கிறாள். நான் சுற்றி வளைத்துப் பேசுவதை மட்டும் அவளால் திருத்த முடியாது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மகன் பிழைத்துவிட்டான். இதைப் படிக்கிறவர் வீட்டில் யாராவது மூச்சுக்குத் திணறிக்கொண்டு படுத்திருக்கலாம். அவருக்கு முடிவு தெரியாமல் படிக்க நெஞ்சு தாங்காது.

லூர்து மோட்டார் மெக்கானிக். மரக்காணத்தில் மெக்கானிக் என்றால் பாதி வேலை உப்பளத்தில்தான். பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் நின்றுவிட்டால் இவனைத்தான் கூப்பிடுவார்கள். உப்புத் தண்ணீர் ஓடுகிற குழாய் சீக்கிரம் அரித்து ஓட்டை விழும். கழற்றி எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்ய அவகாசம் இருக்காது. அங்கேயே வைத்து, ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து அடைக்க வேண்டும்.

அந்த வெட்டவெளியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது, ஒரு சுவர் கிடையாது. கடல் காற்று புளோ லேம்ப்பை (மண்ணெண்ணெயில் சீறி எரிகிற விளக்கு) ஊதி அணைத்துவிடும். அதனால் லாரித் தார்ப்பாயைக் குழாய் மேலேயும் மெக்கானிக் மேலேயும் கூடாரம் மாதிரிப் போர்த்தி, ஓரங்களை ஆட்கள் காலால் மிதித்துக்கொள்வார்கள். உள்ளே இவன் வேர்வையில் குளித்துக்கொண்டே வேலையை முடிப்பான். எங்கள் பக்கத்தில் எல்லா மெக்கானிக்கும் செய்கிற முறை இது. உப்புத் தண்ணீர்க் குழாய்க்கு இதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அன்றைக்கு வந்தது உப்பளத்துக் குழாய் இல்லை, காதர் பாயின் கார்.

காதர் பாய் உப்பு வியாபாரி. பாண்டிச்சேரியைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அந்தக் காரை வாங்கியிருந்தார். படகு மாதிரி நீளம். உள்ளே ஒரு பெட்டியிலிருந்து குளிர்ந்த காற்று வரும். ஒரு தடவை என்னைக் கோயில் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனார். வெளியே சனங்கள் வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே எனக்குப் பல் கிட்டுகிறது. மார்கழி மாதத்தைப் பிடித்து உள்ளே பூட்டி வைத்த மாதிரி இருந்தது. இறங்கிய பிறகு ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினேன் என்று பிலோமினா சொல்வாள். அவள் எப்போதும் கூட்டித்தான் சொல்வாள்.

அந்தக் குளிர் திடீரென்று நின்றுபோயிற்று. லூர்து முன்மூடியைத் திறந்து பார்த்தான். பெட்டிக்குப் போகிற செம்புக் குழாய் ஒன்றை உப்புக் காற்று அரித்திருந்தது. அந்த இடத்தில் எண்ணெய் கசிந்து அழுக்கு பிடித்திருந்தது. அந்தக் குழாய்க்குள் தண்ணீர் ஓடுவதில்லை, குளிர வைக்கிற கேஸ் ஓடுகிறது என்பது அவனுக்குத் தெரியும். ஓட்டை வழியாக எல்லாம் போய்விட்டிருக்கும் என்று நினைத்துவிட்டான். எல்லாம் போகவில்லை.

"பைப்புதானே பாய். பத்தவெச்சா தீந்துது."

"காத்து அடிக்குதேப்பா."

"தார்ப்பாய் இருக்குதுல்ல?"

"அது கொட்டாயிலயே கெடக்குது. எடுத்துக்க."

உப்புக் கொட்டகைக்குப் பக்கத்தில் வைத்துக் காலையிலேயே வேலையை ஆரம்பித்தார்கள். காருக்கும் இவனுக்கும் சேர்த்துத் தார்ப்பாய் போர்த்தியாயிற்று. ஒரு மூலையைக் காதர் பாயே மிதித்துக்கொண்டு நின்றார். நடுவில் ஒரு தடவை இவன் தலையை வெளியே நீட்டி இருமினான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"உள்ளாற பச்ச வைக்கோல் வாசன அடிக்குது பாய்."

"உப்புக் கொட்டாயில வைக்கோல் ஏதுப்பா? மாடு எதுவும் கனவுல வந்துச்சா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இவன் மறுபடியும் உள்ளே போய் மிச்ச வேலையைச் செய்தான். வெளியே வந்ததும் இருமல் நின்றுவிட்டது. இதையெல்லாம் காதர் பாய் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது, நல்லபடியாக வீட்டுக்கு நடந்து வந்த மகன். பிறகு அந்தக் கசப்பு.

சாப்பிட்டுப் படுத்தான். வெயில் இறங்குகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான்.

"மாரு இறுக்குதும்மா. யாரோ ஏறி ஒக்காந்த மாதிரி இருக்குது."

காரைப் பற்றிக் கேட்க வந்த காதர் பாய், இவனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அந்தக் குளுரு கேஸு உள்ளாற போயிருக்கும் பெரிம்மா. குளிர்ச்சி புடிச்சிருச்சு."

எங்களுக்கு அது நியாயமாகப் பட்டது. குளிர வைக்கிற காற்றை ஒருத்தன் குடித்தால் அவனுக்குக் குளிர்ச்சிதானே வரும்? குளிர்ச்சிக்குச் சூடுதானே வைத்தியம்? எந்த வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்தோம். கம்பளி போர்த்தி, தலையில் துண்டைக் கட்டினோம். சட்டியில் கரி நெருப்பைப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே சாம்பிராணியையும் தூவினேன். வேர்த்தால் சரியாகிவிடும் என்று பிலோமினா அவனை எழுப்பி வீட்டைச் சுற்றி நடக்க வைத்தாள்.

நடக்க நடக்க மூச்சு அதிகமாக வாங்கியது. எனக்குப் புரியவில்லை. வைத்தியம் செய்யச் செய்ய நோய் கூடுகிறது. உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி ஆயிற்று.

கம்பவுண்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். உள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம் வருகிறது, இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். பெருமுக்கல் வழியாகத் திண்டிவனம் போகலாம் என்றாள் பிலோமினா, அங்கே அவள் அண்ணன் இருக்கிறான். காதர் பாய் கேட்கவில்லை.

"சொந்தம் பாக்குற நேரமா இது? பாண்டிக்கே போயிடலாம். ஏறுங்க."

அதே காரில்தான் போனோம். கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, இவனை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். பொம்மையார்பாளையம் தாண்டும்போது துண்டில் துப்பினான். இளஞ்சிவப்பாக நுரை வந்தது. வெற்றிலைச் சாறு என்று நினைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, இவனுக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன், பிலோமினா பார்த்துவிடக் கூடாதே என்று. அவளும் பார்த்துவிட்டு, நான் பார்த்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். இதை ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். காசநோய் இருக்கிறதா, இருதயக் கோளாறு உண்டா, பாம்பு ஏதாவது தீண்டியதா. எல்லாவற்றுக்கும் நான் ஒரே பதிலைச் சொன்னேன்: குளிர்ச்சி. கடைசியில் ஒரு டாக்டரம்மா வந்தார். என் மகள் வயசுதான் இருக்கும். கண்ணாடி போட்டிருந்தார்.

"எப்பருந்து காய்ச்சல்?"

"காய்ச்சல் இல்லைங்க. குளிர்ச்சி."

"குளிர்ச்சின்னா? மழையில நனைஞ்சாரா?"

"குளுரு காத்த குடிச்சிட்டான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நிமோனியா (நுரையீரலில் கிருமி தாக்கி வருகிற காய்ச்சல்) மாதிரி இருக்கிறது, ஆனால் உடம்பு சுடவில்லையே என்று பக்கத்திலிருந்த நர்ஸிடம் சொன்னார். லூர்துவை நெஞ்சுப் படம் எடுக்கிற அறைக்கு நடத்திக் கூட்டிப்போக ஏற்பாடு நடந்தது.

அப்போது காதர் பாய் எனக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்.

"டாக்டரம்மா, நான் ஒன்னு சொன்னா சிரிக்கக் கூடாது. அந்த நெருப்பு பச்சையா எரிஞ்சுது. கிளிப்பச்ச. என் வயசுக்கு நான் அப்படிப் பாத்ததில்ல. ஜின்னு பேயி வேலையோன்னு எனக்கு ஒரு பயம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"எந்த நெருப்பு? குளிர் காத்துன்னுதானே சொன்னீங்க?"

"பைப்பைப் பத்தவெச்ச நெருப்பு. தார்ப்பாய்க்குள்ளாற. சந்து வழியா பாத்தேன்."

"மூடின இடத்திலயா? கேஸ் பைப்பையா?" இவன் பக்கம் குனிந்தார். "பேச வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க. உள்ள ஏதாவது வாசனை அடிச்சுதா? வைக்கோல் மாதிரி?"

ஆட்டினான்.

"அப்புறம் பீடி குடிச்சீங்களா? கசந்துதா?"

ஆட்டினான். எங்கள் வீட்டு மீன் குழம்பு வரைக்கும் இந்த அம்மாவுக்குத் தெரியும் போலிருக்கிறதே என்று பிலோமினாவைப் பார்த்தேன். அவள் அந்த நேரத்திலும், 'பார்த்தீர்களா, என் குழம்பு மேல் தப்பில்லை' என்கிற மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவரு ஒரு அடி கூட நடக்கக் கூடாது" என்று டாக்டரம்மா சத்தமாகச் சொன்னார். அதுவரைக்கும் மெதுவாக நடந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரி அப்புறம் ஓட ஆரம்பித்தது.

அவர் அப்போது கொஞ்சமும் பிற்பாடு கொஞ்சமுமாக எனக்கு விளக்கியதை என்னால் முடிந்த மட்டும் சொல்கிறேன். அந்தக் குளிர் கேஸ் தானாக இருக்கும்போது பெரிய விஷமில்லை. ஆனால் மூடின இடத்தில் நிறைய இருந்தால் நல்ல காற்றைத் தள்ளிவிட்டு ஆளை மயங்க வைக்கும். காற்றைவிடக் கனமானது, அதனால் பள்ளத்தில் தேங்கி நிற்கும். நெருப்பு பட்டால்தான் அது வேறு ஒன்றாக மாறுகிறது. பாஸ்ஜீன் (சண்டைகளில் எதிரி மேல் விட்ட விஷக் காற்று) என்று அதற்குப் பேர். தார்ப்பாய் இல்லாவிட்டால் காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும்.

அதன் கெட்ட குணம், உடனே கொல்லாது. கொஞ்சம் இருமல், கொஞ்சம் கண்ணீர், அப்புறம் ஒன்றுமே இல்லாத மாதிரி விட்டுவிடும். ஆள் நன்றாக இருப்பதாக நினைத்து நடப்பான், சாப்பிடுவான். அந்த நேரமெல்லாம் நுரையீரலின் உள்சுவர் புண்ணாகி, உடம்புத் தண்ணீர் உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். பல்மனரி எடிமா (நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது) என்கிறார்கள். தரையில் உட்கார்ந்துகொண்டே ஒருத்தன் தண்ணீரில் முழுகுவது மாதிரி. நடந்தால், வேலை செய்தால், இன்னும் வேகமாக ஊறும்.

"அப்போ இது குளிர்ச்சி இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைம்மா. நெருப்பால வந்தது."

"ஆனா கேஸு குளுருதானே?"

"கேஸ் குளிருதான்."

"அப்போ எப்பிடிங்க..."

"ஆயா, அப்புறமா ஒக்காந்து பேசலாம். இப்ப நான் ஊசி போடணும்."

இன்றைக்கு வரைக்கும் அது எனக்கு முழுசாக விளங்கவில்லை. குளிர்ந்த ஒன்று எப்படி நெருப்பிலிருந்து விஷத்தை எடுத்துக்கொள்கிறது? விளங்காவிட்டாலும் பயப்படத் தெரிந்துகொண்டேன். அது போதும் என்று டாக்டரம்மாவும் சொன்னார்.

இதற்கு மாற்று மருந்து கிடையாதாம். வீக்கம் வற்ற ஊசி, நீர் பிரிய ஊசி, மூக்கில் ஆக்ஸிஜன் (சுத்தமான பிராண வாயு). மிச்சமெல்லாம் அசையாமல் இருப்பது. உடம்பு தானாகத்தான் மீள வேண்டும், மீளுமா என்பது இன்னும் இரண்டு மூன்று நாளில் தெரியும் என்றார். பிழைத்துவிடுவான் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் பிழைக்க மாட்டான் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

ஆக்ஸிஜன் வந்தது. ஆளுயர இரும்பு உருளை. அதிலும் கேஸ், அதிலும் குழாய், அதிலும் 'உஸ்' என்று சத்தம். ஒரு கேஸ் என் பிள்ளையை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்திருக்கிறது, இன்னொரு கேஸைக் கொண்டுவந்து மூக்கிலேயே சொருகுகிறார்கள்.

"இது குளுரா, சூடா?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"இது காத்து ஆயா. நீங்களும் நானும் இழுக்குறோமே, அதேதான்."

"நம்ம காத்துக்கு இரும்புப் பெட்டி எதுக்கு?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பொழுது சாய்ந்ததும் நான் மடியிலிருந்த மாதா படத்தை ஜன்னலில் சாத்தி வைத்து, ஒரு மெழுகுவர்த்தியையும் எடுத்தேன். தீக்குச்சியை உரசப் போகிற நேரத்தில் அவள் எங்கிருந்தோ பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயா! இன்னா பண்றீங்க? ஆக்ஸிஜன் இருக்குது! மெத்தையெல்லாம் பத்திக்கும்!"

"நம்ம காத்துன்னியே!"

"நம்ம காத்துதான். ஆனா நெருப்ப கொண்டாரக் கூடாது."

நான் அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கேஸுக்கும் நெருப்பு ஆகாது, இந்தக் காற்றுக்கும் நெருப்பு ஆகாது. மாதாவுக்கு மட்டும் நெருப்பு ஏற்ற வேண்டும். நான் யாருக்கு எதைச் செய்வது? கடைசியில் மெழுகுவர்த்தியைப் பற்றவைக்காமலேயே படத்துக்கு முன்னால் படுக்க வைத்தேன். மாதா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

லூர்துவைப் படுக்க வைக்கவும் கூடாதாம். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்த்தே வைத்திருந்தார்கள். தண்ணீரும் அளந்துதான் கொடுத்தார்கள். தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது பெற்றவளுக்கு எப்படியிருக்கும் என்பதை, இதைப் படிக்கிற தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிலோமினா ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். அந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடவே இல்லை. அது வேறு பயமாக இருந்தது.

பிறகு ஒரு காலையில் அவன் கண்ணைத் திறந்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான்.

"பாயி... காருல... பைப்பு... புடிச்சுக்குச்சா?"

பிலோமினா அழுதாள். நான் சிரித்தேன். வராந்தாவில் இருந்த காதர் பாய் உள்ளே வந்தார்.

"நல்லா புடிச்சுக்குச்சுப்பா. ஒரு எடத்துல இல்ல, ரெண்டு எடத்துல ஒழுவுது."

அன்றைக்குத்தான் டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, தண்ணீர்ச் சத்தம் குறைகிறது என்றார். அந்தக் குழாயைக் கேட்டு வாங்கி நானும் காதில் வைத்துப் பார்த்தேன். தூரத்தில் கடல் பின்வாங்குகிற மாதிரி கேட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால், உங்கள் வீட்டு நோயாளி இன்னும் தேறவில்லையே என்று நீங்கள் பயந்துவிடுவீர்கள். கிணற்றடி வரைக்கும் போய் வந்தாலே உட்கார்ந்துவிடுவான். பேச்சின் நடுவில் இருமல் வரும். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பாதிப் பேர் வாயில் பீடி. பிலோமினா வாசலிலேயே நிறுத்தி, 'அணைச்சிட்டு உள்ள வாங்க' என்பாள். என் அண்ணனையே அப்படி நிறுத்திவிட்டாள். சாம்பிராணியும் கிடையாது, கரிச்சட்டியும் கிடையாது. மோர் கொடுக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். தாராளமாகக் கொடுங்கள் என்றார். நெஞ்சுக்கு வந்தவனுக்கு மோரா? பயந்து பயந்துதான் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதுவும் ஒரு குழப்பம்.

அவன் கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும், பாண்டியில் ஐஸ் பெட்டி ரிப்பேர் செய்கிற ஒரு கடையில் உட்கார்ந்து இந்த வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். அவன் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு மெக்கானிக் இருக்கலாம், குளிர் பெட்டி வைத்த கார் உங்கள் ஊருக்கும் வரலாம்.

கேஸ் இருக்கிற குழாய் பக்கம் நெருப்பைக் கொண்டு போகவே கூடாது. பீடியும் நெருப்புதான். கேஸை முழுசாக வெளியேற்றிய பிறகு குழாயைத் தனியாகக் கழற்றி, உள்ளே காற்றை ஊதிச் சுத்தம் செய்து, வேறு இடத்தில் வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். கொட்டகைக்குள்ளோ, காருக்கு அடியில் தோண்டிய பள்ளத்திலோ கேஸைத் திறக்கக் கூடாது. அந்தக் கேஸ் குழாயிலிருந்து தண்ணீர் மாதிரித் தெறித்தால் கண்ணையும் தோலையும் உறைய வைத்துவிடும். அதனால் கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் வேண்டும். தெறித்துவிட்டால் தேய்க்காமல் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கேஸ் டப்பாவை வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைத்தால் வெடிக்கும்.

எல்லாவற்றையும் மீறி ஒருத்தன் அந்தப் புகையைக் குடித்துவிட்டால், நன்றாக இருக்கிறேன் என்று அவன் சொல்வதை நம்பாதீர்கள். நடக்க விடாதீர்கள். உட்கார வைத்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கே குளிர்ச்சி என்று சொல்லாதீர்கள். நெருப்பு பட்டது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அந்தக் கார் கொட்டகை ஓரத்தில் அப்படியே நின்றது. காதர் பாய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் லூர்துவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுருங்கும். வேலைக்குப் போனால்தானே மெக்கானிக்? அந்தக் காரைத் தொடப் பயந்தால் அப்புறம் எந்தக் காரைத் தொடுவான்? பிலோமினா கூடாது என்றாள். நானும் கூடாது என்றேன். அவன் அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னான்:

"மூச்சு வந்துடுச்சுன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்றீங்க. எனக்கு இன்னும் வரல. அந்தப் பைப்ப கழட்டுனாத்தான் வரும்."

அதற்கு மேல் தடுக்க எங்களுக்கு வழி தெரியவில்லை.

காரைத் திறந்தவெளிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அடுப்போ விளக்கோ பீடியோ பக்கத்தில் எதுவுமில்லை என்று அவனே சுற்றி வந்து பார்த்தான். காற்று முதுகுப் பக்கம் அடிக்கிற மாதிரி நின்றுகொண்டான். கண்ணாடியும் கை உறையும் போட்டிருந்தான். மிச்சமிருந்த கேஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டான். சத்தம் நின்ற பிறகும் ரொம்ப நேரம் தொடவில்லை.

"இன்னாப்பா, கல்யாண மாப்பிள்ளையாட்டம் சும்மா நிக்கிறே?" என்றார் காதர் பாய்.

"காத்து முழுசா அடிச்சிட்டுப் போவட்டும் பாய். நமக்கு இன்னா அவசரம்?"

பிறகு குழாயைக் கழற்றி, ஊதிச் சுத்தம் செய்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பாண்டிக்கே போய்ப் பற்றவைத்துக்கொண்டு வந்தான். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது.

அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் மட்டும் நன்றாகச் சாப்பிட்டான். பிலோமினா சோறு போடுகிற சாக்கில் அவன் உதட்டைப் பார்த்தாள். நான் அவன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தேன். முன்னெல்லாம் கையில் அடிபட்டால் அங்கேயே அப்போதே வலிக்கும், வலி நின்றால் முடிந்தது என்றுதான் உடம்பை நினைத்திருந்தேன். உடம்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, நம்மைச் சிரிக்க விட்டு, பொறுத்திருந்து காட்டும் என்று எனக்குத் தெரியாது. காலையில் நடந்தது சாயங்காலம்தான் நடக்கும் என்றால், ஒரு நாள் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது? எனக்கு இப்போது அது தெரிவதில்லை. அவன் மூச்சை இழுக்கும்போது நானும் இழுக்கிறேன். அவன் விட்ட பிறகுதான் நான் விடுகிறேன். பேத்தி கேலி செய்கிறாள். செய்யட்டும்.

மறுநாள் விடிந்து, அவன் வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டு நின்றபோது கிட்டே போனேன்.

"பாயி வேலைய முடிச்சுட்டடா" என்றேன்.

"அது நேத்தே முடிஞ்சுதும்மா."

"ஒனக்கு நேத்து. எனக்கு இப்பத்தான்."